நடுங்காத கை

வாயில் நூலைக் கவ்விக்கொண்டும் அவளால் பேச முடியும். சுழல் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவளின் முகத்துக்கு மேலே குனிந்து, பல்லிடுக்கில் நூலின் ஒரு நுனியும் இரண்டு கைகளில் மீதியுமாக, "இதென்ன புருவமா, புதரா? உள்ளே பாம்பு கீம்பு இருக்கப் போகுது. ஆடாம இரு ராசாத்தி" என்பாள். சொற்கள் பாதி மென்றபடி வரும். படுத்திருப்பவள் சிரித்துவிட்டால் அதட்டல் விழும். "சிரிக்காதே. கை தப்புச்சுன்னா ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே. அப்புறம் காலம் பூரா புருஷனைச் சந்தேகமாப் பாக்குற மாதிரியே இருப்பே."

தெருவுக்கு அவள் பார்லரக்கா. கடைசி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற கடை. ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலிகள். அவற்றில் ஒன்றுதான் சுழலும். சுழலாததில் காத்திருப்பவள் உட்கார்ந்து, பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு, சுழல்கிறவளின் குடும்பக் கதையைக் காது கொடுத்துக் கேட்பாள். பின்பக்கம் தலை கழுவும் தொட்டி. அங்கே நாத்தனாரின் ஆட்சி. நாத்தனாரை வீட்டில் எல்லோரும் குட்டி என்றே கூப்பிடுகிறார்கள். ஆளோ வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது.

பார்லரக்காவுக்கு மனிதர்களைப் பெயரால் ஞாபகம் வைக்கத் தெரியாது, புருவத்தால்தான் தெரியும். "அந்த வளைஞ்ச புருவக்காரி வந்தாளா?" "நடுவுல ஒட்டின புருவம் வாடகை வீடு மாத்திட்டாளாம்." பஸ்ஸில் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவரின் நெற்றியையே வெறித்துப் பார்ப்பாள். அவர் சங்கடப்பட்டு முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஆனால் அவளுடைய சொந்தப் புருவம் காடு. தன் புருவத்தைத் தானே எடுப்பதற்குக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். அது இப்போது அவளால் ஆகாது. யாராவது கேட்டால், "சமைக்கிறவளுக்குப் பசி எடுக்குமா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் வேலை செய்வதைக் கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று தட்டுப்படும். இடது முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்வாள். வலது மணிக்கட்டை வாடிக்கைக்காரியின் நெற்றியோரம் பதித்துக்கொள்வாள். மூச்சை இழுத்து நிறுத்துவாள். நூல் சரசரவென்று நாலு இழுப்பு இழுக்கும். உடனே ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, செய்த வேலையை ரசிப்பது போல நிற்பாள். ரசிப்பதற்காக நிற்கவில்லை. அந்த நேரத்தில் கைகள் இரண்டும் ஏப்ரனின் பைக்குள் போயிருக்கும். பைக்குள் அவை தம் பாட்டுக்கு ஆடி ஓயும். ஓய்ந்ததும் வெளியே எடுத்து, மறுபடி விலா, மறுபடி நெற்றி, மறுபடி மூச்சு. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? அக்காவுக்கு நிதானம் அதிகம் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த ஆட்டம் பிறவியில் வந்ததல்ல. குழாயில் வந்தது.

தெருவின் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம், டார்ச் விளக்குக்குப் போடும் பேட்டரி செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. பழுதாகிப்போன பேட்டரிகளை மதில் ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்து, மேலே புல் வளர்த்து, புல்லுக்கு நடுவில் 'இயற்கையைக் காப்போம்' என்று ஒரு பலகையும் நட்டு வைத்திருந்தார்கள். தெருவுக்குத் தண்ணீர் தருகிற ஆழ்குழாய்க் கிணறுகள் அந்தப் புல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தன. பார்லரின் வெள்ளைத் துண்டுகள் வாங்கிய கொஞ்ச நாளில் பழுப்பேறின. அவள் சோப்பைத் திட்டினாள். சோப்பை மாற்றினாள். பிறகு குட்டியைத் திட்டினாள். குட்டியை மாற்ற முடியாதே. செம்பில் பிடித்துவைத்த தண்ணீரின் அடியில் கரி போல ஒரு தூள் படிந்தது. தெரு கூடிப் போய்க் கேட்டபோது தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்தார். தேய்த்து மடித்த சட்டை. முகத்தில் கனிவு வழிந்தது.

"அது இரும்புச் சத்துங்க. கடையில மாத்திரையா விக்கிறாங்க. உங்களுக்குக் குழாயிலேயே வருது. குடுத்து வெச்சவங்க நீங்க."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்லரக்கா நம்பினாள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது அவள் பழக்கம். அதற்குப் பிறகு, மாசமாக இருந்த பெண்களுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தாள்.

அது இரும்புச் சத்து அல்ல. மாங்கனீஸ் என்று பின்னால் யாரோ சோதித்துச் சொன்னார்கள். அளவுக்கு மீறி உள்ளே போனால் நரம்பைத் தின்னும் என்றார்கள். கிணறுகளுக்கு மூடி போட்டுப் பூட்டினார்கள். லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. கிணற்றைப் பூட்டிய மாதிரி கையைப் பூட்ட முடியவில்லை.

அவளுக்கு முதலில் போனது சிரிப்புதான். சிரிக்க நினைத்தால் முகத்துக்கு அந்தச் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. எதிரே இருப்பவர் சிரித்து முடித்துப் பத்திரிகையில் அடுத்த பக்கத்தைப் புரட்டியபிறகு இவள் உதடு மெல்ல விரியும். "பார்லரக்காவுக்குக் கொஞ்சம் திமிர் வந்திடுச்சு" என்று தெருவில் பேச்சு. அடுத்தது கை. அதற்கடுத்து, காலையில் சட்டைப் பித்தான். டெலிவரி வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் பெரும்பாலும் வெளியூர்த் தண்ணீரே குடிப்பவர். அவர் கை கல்லுப் போல நிற்கிறது. இப்போது வேனை எடுக்கும் முன் அவள் முன்னால் குனிந்து அவர்தான் பித்தான் போட்டுவிடுகிறார். முதல் நாள் இருவருக்கும் வெட்கம். "கல்யாணமான புதுசுல கழட்டத்தான் தெரியும்னு நெனச்சேன்" என்று அவள் சொன்னதற்கு அவர் காதுவரை சிவந்துபோனார்.

இழப்பீடு தரத் தொழிற்சாலை ஒத்துக்கொண்டது. அப்படிச் சொல்வது தப்பு. மருத்துவக் குழு யாரைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்கிறதோ அவருக்குத் தர ஒத்துக்கொண்டது. குழுவுக்குச் சம்பளம் கொடுப்பதும் தொழிற்சாலைதான். பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாளையும் திருத்துகிற ஏற்பாடு.

மனுக் கொடுக்க பார்லரக்கா ரொம்ப நாள் மறுத்தாள்.

"கை நடுங்குதுன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா தம்பி? அப்புறம் எந்தக் கழுதை எங்கிட்ட முகத்தைக் குடுப்பா?"

தெருவுக்காக வழக்கை எடுத்து நடத்துகிற வக்கீல் வயதில் சின்னவன். பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லோரிடமும் பேசுவான். "இன்னும் கொஞ்ச காலத்துல நூலே பிடிக்க முடியாமப் போயிடும்க்கா. அப்ப எங்க போய்க் கேட்பீங்க? மனு வாங்குற தேதி முடிஞ்சிருக்கும்."

கடைக்குள் போனாள். போய், வீட்டுக்காரர் காலையில் மாட்டிவிட்ட பித்தானைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மனுக் கொடுத்தாள்.

குழு கூப்பிட்ட நாளில் நடந்ததை நினைத்தால் குட்டிக்கு இன்றைக்கும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும்.

பார்லரக்கா எட்டாம் வகுப்பில் கணக்கில் தவறி அத்தோடு நின்றுபோனவள். பரீட்சை என்று ஒன்று இருந்தால் அதில் தேறத்தான் வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குள் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. தலையைப் படிய வாரி, முகம் கழுவி, இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு போனாள். ஒரு பெண் டாக்டர், பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள். கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள். நீட்டும்போதே முழங்கை தானாக விலாவில் போய் ஒட்டிக்கொண்டது. மூக்கைத் தொடச் சொன்னார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டாள். தட்டில் பாசிமணிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொன்னார்கள். மணிக்கட்டை மேசை விளிம்பில் பதித்தாள். நாலு மணி எடுத்தாள். ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்து, போட்ட மணிகளை ரசித்தாள். மறுபடி நாலு. டாக்டர் தலை குனிந்து எழுதிக்கொண்டே, "வெரி குட்" என்றார்.

படித்தவர் ஒருவர் அவளைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியே வரும்போது அவள் முகத்தில் சிரிப்பு நேரத்துக்கு வந்திருந்தது.

"மணி ஒண்ணுகூடக் கீழ விழல குட்டி. எல்லாத்தையும் பண்ணிட்டேன். வெரி குட்னு சொல்லிட்டாங்க!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த குட்டி எழுந்தே விட்டாள். "ஐயோ அண்ணி! பெயிலாகுறதுக்குத்தானே உங்களை உள்ளே அனுப்புனோம்! பாஸ் பண்ணிட்டு வந்து நிக்கிறீங்களே!"

தாழ்வாரத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்லரக்கா கையைப் பார்த்தாள். அது இப்போது, வேலை முடிந்த தைரியத்தில், ஆடிக்கொண்டிருந்தது.

முடிவு வந்ததும் வக்கீல் படித்துக் காட்டினான். நுண்ணிய கைவேலை செய்யும் திறன் முழுமையாக உள்ளது, பாதிப்பு ஏதும் இல்லை. அவ்வளவுதான். விழாமல் இருப்பதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவனைக் காட்டி, பாருங்கள், எப்படி நடக்கிறான் என்று சொல்வது போலத்தான் இது. அந்தக் கையை நிறுத்துவதற்கு அவள் உடம்பில் எதையெல்லாம் இழுத்துப் பிடிக்கிறாள், மூச்சை எங்கே வைக்கிறாள், பைக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டார்களா? மணி விழவில்லை. அவர்களுக்கு அது போதும்.

சரி, விழுந்திருந்தால் மட்டும்? பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் தட்டையே கவிழ்த்துவிட்டு வந்தவர். பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதுவதை அவர் விட்டுப் பல மாதம் ஆகிறது. எழுதினால் எழுத்துகள் குளிரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருக்கும். அவர் மனுவில் குழு எழுதிய சொல், 'மிகைப்படுத்துகிறார்.'

"நான் வேணும்னே ஆட்டுறேனாம். உனக்கு ஆடவே இல்லையாம்" என்றார் அவர். "நாம ரெண்டு பேரும் கையை மாத்திக்கிட்டுப் போயிருக்கணும் தங்கச்சி."

தெரு முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டு, தெரு வேறொன்றும் செய்தது. மனுக் கொடுத்த விஷயம் கசிந்து, பார்லரக்காவுக்குக் கை நடுங்குதாம் என்ற சேதி பஸ் நிறுத்தம்வரை போய்ச் சேர்ந்தது. சுழலாத நாற்காலி காலியானது முதலில். பிறகு சுழல்கிற நாற்காலி. ஒருநாள் சாயந்திரம் தெருக்கோடி வீட்டு டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்லரக்காவிடம் மட்டுமே முகத்தைக் கொடுத்தவள்.

"நேரமே கிடைக்கலக்கா. அதான் இந்தப் பக்கம் வரவே முடியல."

பார்லரக்கா அவள் நெற்றியைப் பார்த்தாள். வேறு கை. புருவத்தின் வால் பக்கம் அவசரமாக முடித்திருக்கிறாள் எவளோ.

"உனக்கு நேரம் கிடைக்கல. உன் புருவத்துக்குக் கிடைச்சிருக்கு போல" என்றாள்.

டீச்சர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி வேகமாக நடந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்கு மேலே நூல் ஓடுகிற விஷயம். ஆனால் இந்த அக்கிரமத்தை யாரிடம் போய்ச் சொல்வது? தெருவுக்கு அவள் கை நடுங்குகிறது, அதனால் பிழைப்பு போயிற்று. குழுவுக்கு அவள் கை நடுங்கவில்லை, அதனால் இழப்பீடு இல்லை. ஒரே ஆள், ஒரே கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி அவளுக்குத்தான் விழுந்தது. தொழிற்சாலை மதிலுக்குள் புல் பச்சையாகவே இருந்தது.

மறுவிசாரணைக்கு மனுப் போட்டான் வக்கீல். இதுதான் கடைசி, இதிலும் இல்லை என்றால் எப்போதும் இல்லை என்று சொல்லிவைத்தான். குட்டி ஒத்திகையில் இறங்கினாள். கடைக் கதவைச் சாத்திவிட்டு அண்ணியைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள்.

"கையை நீட்டுங்க. விலாவை விடுங்க. ம்... ஆட்டுங்க."

"எப்படி ஆட்டுறது?"

"எப்படின்னா? ஆடுற மாதிரிதான்!"

பார்லரக்கா ஆட்டினாள். காயப்போட்ட வடகத்திலிருந்து காக்காய் விரட்டுவது போல இருந்தது.

"ஐயையோ, இது நடிப்புன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். மெதுவா. தானா வர்ற மாதிரி."

"தானா வர்றதைத் தானா வர்ற மாதிரி பண்ணச் சொல்றியே, உனக்கு மூளை இருக்கா?"

குட்டி கெக்கலி கொட்டிச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியில் விழுந்து, அது சுழன்று, கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றது. திரும்பி வந்தபோது அண்ணி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது.

"நோவையும் குடுத்துட்டு, அதை நடிச்சுக் காட்டுன்னு கேக்குறாங்க பாத்தியா?" என்றாள். "நான் ஆட்ட மாட்டேன் குட்டி."

மறுவிசாரணை நகராட்சி அலுவலகத்தின் மாடிக் கூடத்தில் நடந்தது. தெருவில் மனுப் போட்டவர்கள் எல்லோரும் பின்பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் இருந்தார். மகனுக்காக மனுப் போட்டிருந்த டீச்சரும் இருந்தாள். முன்னால் மேசை, அதே பெண் டாக்டர், பக்கத்தில் தொழிற்சாலையின் வக்கீல். மேசைமேல் அவர்களுக்கு மட்டும் மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டிகள். மனுக்காரருக்காக எதிரே ஒரு நாற்காலி.

பார்லரக்கா அந்த நாற்காலியில் உட்காரவில்லை. பாசிமணித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார் டாக்டர்.

"ஆரம்பிங்கம்மா."

"இது வேணாம் மேடம்."

"ஏன்?"

அவள் டாக்டரின் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸில் பார்ப்பது போல. பிறகு பைக்குள் கைவிட்டு நூல்கண்டை எடுத்தாள். இழுத்து அறுத்து, முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழ நேரம் பிடித்தது. கூடம் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க வலது புருவம் கொஞ்சம் வளந்திருக்கு மேடம். இப்படி வந்து உட்காருங்க. எடுத்து விடுறேன்."

தொழிற்சாலை வக்கீல் சிரித்தார். "அம்மா, இது பார்லர் இல்ல."

"தெரியும் சார். பார்லருக்கு இப்ப யாரும் வர்றதில்ல. கை நடுங்குதுன்னு வர மாட்டேங்குறாங்க." அவள் குரல் உயரவில்லை. "ஆனா என் கையில ஒண்ணுமே இல்லன்னு மேடம் எழுதியிருக்காங்களே. நம்பி எழுதினவங்க அவங்க ஒருத்தங்கதான். அவங்களுக்குப் பண்ணிவிடாம யாருக்குப் பண்ணுவேன்? காசு வேணாம்."

பின்பெஞ்சில் யாரோ செருமினார்கள். குட்டி எழுந்து நின்றாள். கூடத்தில் பாதிக்கு வெளிச்சம் போயிற்று.

"நீங்க சொன்ன வேலைதான் மேடம். நுண்ணிய கைவேலை."

நாற்காலியை டாக்டர் பக்கம் திருப்பிவைத்தாள். நூலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தாள். விலாவில் ஒட்டவில்லை. மேசையில் பதிக்கவில்லை. மூச்சைப் பிடிக்கவும் இல்லை. கைகள் இரண்டும் உடம்பை விட்டு விலகி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, அந்தரத்தில் நின்றன. நின்றன என்று சொல்ல முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் நூல் துடித்தது. ஒரு கோடாக இருந்த நூல் பல கோடுகளாகத் தெரிந்தது. டீச்சர் பார்த்தாள். இதுநாள்வரை அவளிடம் முகம் கொடுத்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ணை மூடிக்கங்க மேடம்" என்றாள், பல்லிடுக்கில்.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. பேனாவைப் பிடித்திருந்த அவருடைய கை மட்டும் மெல்ல மேலே போய், வலது புருவத்தைப் பொத்திக்கொண்டது.